லிண்டலோடு நின்ற வீடு: இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து கிடைக்காத காலத்தில் கட்டியவர்கள் சொல்கிறோம்

பரந்தனிலிருந்து:

நாங்கள் நாட்கல் வைத்தது 2021 ஆவணியில். 800 சதுர அடி. இரண்டு அறை, விறாந்தை, குசினி. மேசன் அண்ணை கொப்பி ஒற்றையில் கணக்குப் போட்டுத் தந்தார். அந்த ஒற்றையை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் சீமெந்து ஒரு பை 1,005 ரூபாய்.

ஒக்ரோபரில் கட்டுப்பாட்டு விலையை எடுத்துவிட்டார்கள். 1,098 ஆனது. நவம்பரில் 1,275. அடுத்த மார்ச்சில் 1,850. அந்த மாதம் முடிவதற்குள் 2,350 என்றார்கள். விலை ஏறியதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். காசைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் இல்லாமல் திரும்பி வந்ததுதான் தாங்க முடியவில்லை. இறக்குமதிக்காரருக்கு எல்சி (வெளிநாட்டு விற்பனையாளருக்கு வங்கி கொடுக்கும் பண உறுதிக் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை. 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலரை மார்ச் 7இல் விட்டார்கள், மே மாதம் அது 360இல் நின்றது. கம்பியும் அதோடு ஏறியது.

ஹாட்வெயார் கடையில் ஆளுக்கு 5 பைதான். விடிய ஐந்து மணிக்கே வரிசை. காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை பார்த்தவர் என் மாமா. 1990இல் அது மூடப்படும் வரைக்கும் அங்கே இருந்தவர். நான் 5 பைக்கு வரிசையில் நிற்கிறேன் என்று கேள்விப்பட்டு, "எங்கட மண்ணிலேயே அரைச்ச சாமான் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கதைக்கவில்லை.

சுவர் கதவு உயரத்துக்கு வந்த நேரம். கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரில் போடும் லிண்டல் கொங்கிரீட்டை இன்று பாதி நாளை பாதி என்று போட முடியாது. பொருத்து விட்ட இடத்தில் பிறகு வெடிக்கும். எங்களுக்கு 20 பை தேவை, கையில் இருந்தது 14. பலகை அடித்துக் கம்பியும் கட்டியாகிவிட்டது. மணல் ஏற்றும் டிப்பருக்கு டீசல் கிடைக்காமல் நான்கு நாள் காத்திருந்துதான் மணலே வந்தது. அன்று விட்டால் மேசன் அண்ணை அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அயல் வீட்டு அக்கா மலசலகூடம் கட்டவென்று 6 பை எடுத்து, கட்டிலுக்குக் கீழே பலகை போட்டு அடுக்கி வைத்திருந்தார். நான் போய் நின்ற நிலையைப் பார்த்து அவரே சொன்னார்: "தூக்கிக்கொண்டு போ. ஆனா எனக்குக் காசு வேண்டாம். சீமெந்தாத்தான் திருப்பித் தரவேணும்."

எவ்வளவு சரியான பேச்சு என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் வாங்கியது 1,850 ரூபாய்ப் பை. திருப்பிக் கொடுக்கும்போது 3,000ஐத் தாண்டிவிட்டது. காசாக வாங்கியிருந்தால் அக்காவின் மலசலகூடம் பாதியில் நின்றிருக்கும். ஆறாவது பையை அவர் வீட்டில் இறக்கிய அன்று எனக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்தார். அந்த ருசி இன்னும் வாயில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சுவருக்கு வைக்கும் சீமெந்துக் கல். ஒரு பைக்கு 35 கல் அரிந்த இடத்தில் 50 அரிந்து விற்றார்கள். வெளிச்சுவருக்கு நாங்கள் இன்னும் பூச்சுப் பூசவில்லை, வந்தால் காட்டுவேன். ஜன்னல் அடிவரை கல் கரும்சாம்பல் நிறம். அதற்கு மேலே வெளிறிய மஞ்சள். நகத்தால் சுரண்டினால் மணல் உதிரும். அந்தக் கல் வந்த அன்று ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன், மூன்றாக உடைந்தது. பாதி லோட்டைத் திருப்பி அனுப்பினோம். மீதியைக் கட்டத்தான் வேண்டியிருந்தது, வேறு கல் எங்கும் இல்லை.

அப்புறம் வங்கிக் கடன். ஏப்ரல் 8இல் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதம் கூட்டியது. எங்கள் கடன் கட்டம் கட்டமாகத் தருவது. கூரைக்கான காசு வந்தபோது அது மரத்துக்கே காணவில்லை. ஓடு போடும் எண்ணத்தை விட்டுவிட்டு சீற் போட்டோம். 2023 தையில் குடிபூரல்.

முள்ளியவளையிலிருந்து:

தம்பி, உங்களுடையது கூரை கண்டுவிட்டது. எங்களுடையது அரசாங்க வீட்டுத்திட்டத்து வீடு. 2019இல் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் காசு வந்தது. அந்த வருடம் ஆட்சி மாறிய பிறகு மிச்சக் காசு வரவில்லை. "சொந்தக் காசைப் போட்டுக் கட்டுங்கோ, பிறகு தருவம்" என்றார்கள். தாலிக்கொடியை அடகு வைத்து லிண்டல் வரை போட்டோம். அதோடு சரி. எங்களைப் போல இந்தப் பக்கம் எத்தனையோ பேர்.

பக்கத்திலேயே தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு தினமும் அந்தச் சுவரைப் பார்ப்பது பெரிய வேதனை. 2022இல் யாரோ ஒருவர் எங்கள் கதவு நிலைகளை விலைக்குக் கேட்டு வந்தார். முதிரை மரம். புதிதாக வாங்க யாருக்கும் கட்டாத காலம். நான் கொடுக்கவில்லை. நிலையைக் கழற்றினால் பிறகு அது வீடில்லை.

இப்போது மகன் கட்டாரிலிருந்து கொஞ்சம் அனுப்புகிறான். கூரை போடலாமென்று நினைக்கிறோம். இத்தனை மாரி மழையில் நனைந்த சுவர் தாங்குமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லூரிலிருந்து:

எங்களுக்குச் சீமெந்தில் அல்ல, மாபிளில்தான் (தரைக்குப் பதிக்கும் டைல்) அடி. 2020இல் மாபிள், பாத்றூம் சாமான் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்தே கடைக்காரர் சொன்னதுதான் விலை. ஒரே அறைக்கு மூன்று நிறத்தில் கிடைத்தது. சரி, வேண்டாம் என்று சிவப்புச் சாந்து இழைத்துவிட்டோம். அம்மா அதில்தான் காலை நீட்டிப் படுக்கிறார், குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

பரந்தனிலிருந்து:

முள்ளியவளை அக்கா, உங்கள் பதிவை எங்கள் மேசன் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன். லிண்டலுக்கு மேலே சுவர் திறந்து கிடந்தால் மேல் வரிசைக் கல்லுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். இரும்புக் கம்பியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பயமில்லை. சத்தம் அமுங்கிப்போனால் அந்த ஒன்றிரண்டு வரியைக் கழற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் துரு மேலோடு இருந்தால் கம்பி பிறசால் உரசினால் போகும். செதில் செதிலாகக் கழன்றால் அதை நம்பக்கூடாது, வெட்டிப் புதுக்கம்பி கட்ட வேண்டும்.

சீமெந்தை முன்கூட்டியே வாங்கி அடுக்காதீர்கள். நான் பயத்தில் மிச்சம் பிடித்து வைத்ததில் 4 பை மாரி ஈரத்தில் கல்லாகிவிட்டது. கூரை வேலை தொடங்கும் கிழமையில் வாங்கினால் போதும்.

அண்ணை வருகிற சனிக்கிழமை ஒட்டுசுட்டானுக்கு வேலை பார்க்கப் போகிறார். முள்ளியவளைக்கு வந்து ஒருதரம் சுவரைப் பார்க்கச் சொல்லட்டுமா? அவர் வரச் சம்மதம் என்கிறார்.