மறு: 'ஜர்னிமேன்' எறிவாளர், தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பாலில் அணி அணியாக மாறி ஆடும், பந்து எறிபவரை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு 'பயண வீச்சாளர்', 'அணிமாறி', 'பல்லணி', 'நாடோடி' என்று பதில்கள் வந்திருக்கின்றன. 'பயண வீச்சாளர்' வேண்டாமே. ஜர்னிமேன் என்ற சொல்லின் வேரில் பயணம் கிடையாது, 'நாள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் இருக்கிறது. தொழிலைக் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை போடாமல் நாட்கூலிக்கு வேலை பார்த்தவர். கட்டட வேலைக் கணக்கில் சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, கொத்தனார். அணி அணியாகப் போகிற ஆள் என்ற பொருள் விளையாட்டில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

'அணிமாறி' என்றால் தேர்தல் நேரத்துக் கட்சித் தாவல்தான் நினைவுக்கு வருகிறது. 'பல்லணி'யில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வீட்டில் வாசித்துக் காட்டியதும் "பல் செட்டா?" என்று கேட்டுவிட்டார்கள்.

'நாடோடி'யில் எனக்கு வேறு சிக்கல். நாடோடி தன் விருப்பத்துக்குப் போகிறவன். அமெரிக்க பேஸ்பால் எறிவாளர் ஜாக் க்வின் கதையைப் பாருங்கள். 1909-ல் நியூயார்க்கில் தொடங்கி 1933-ல் சின்சினாட்டியில் முடித்தார், நடுவில் பாஸ்டனின் இரண்டு அணிகள், பால்டிமோர், சிகாகோ, மறுபடி நியூயார்க், பிலடெல்பியா, புரூக்ளின். எறிவாளராக அவர் கணக்கில் 247 வெற்றி, 218 தோல்வி. பந்தில் எச்சில் தடவி எறிகிற 'எச்சில் பந்தை' 1920-ல் தடை செய்தபோது, அதையே பிழைப்பாக வைத்திருந்த 17 பேருக்கு மட்டும் கடைசிவரை எறிய விலக்குக் கொடுத்தார்கள், அதில் இவரும் ஒருவர். 1929-ல், அமெரிக்க பேஸ்பால் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் 46 வயதில் முதல் பந்தை எறியப் போனார், நன்றாக அடி வாங்கினார், ஆனால் 0-8 என்று பின்தங்கிய அவருடைய அணி ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் 10 ரன் எடுத்து ஜெயித்துவிட்டது!

1914-ல் புதிதாக வந்த ஃபெடரல் லீக் என்ற போட்டி லீகின் பால்டிமோர் அணிக்கு அவராகத்தான் தாவினார், அது உண்மை. முதல் வருடம் 26 வெற்றி, அடுத்த வருடம் 22 தோல்வி, அத்தோடு லீகே மூடப்பட்டது. மற்றபடி பெரும்பாலும் முடிவு அவர் கையில் இல்லை. 1918-ல் சிகாகோவுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை, அவர் யாருக்குச் சொந்தம் என்று பஞ்சாயத்து வைத்து நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்தார்கள். 1921 டிசம்பரில் யாங்கீஸ் அவரோடு சேர்த்து நாலு பேரை பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டு மூன்று பேரை வாங்கிக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் பழைய முதலாளிக்கே உரியவர் என்ற விதி 1975 வரை நின்றது. (பேஸ்பால் லீகுகளின் ஏகபோகத்தை எதிர்த்து, 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வழக்கும் அதே பால்டிமோர் ஃபெடரல் அணி போட்டதுதான்.)

ஆகவே என் பரிந்துரை: கைமாறு எறிவாளர். நிலம் கைமாறும், பழைய பைக் கைமாறும், அதனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. வினைத்தொகை என்பதால் கைமாறிய, கைமாறுகிற, கைமாறும் மூன்றும் அடக்கம். கைம்மாறு என்றால் பிரதிபலன் ஆயிற்றே என்று ஒருவர் கேட்பார், அதற்கு ஒரு மகர மெய் கூட வரும். ஆனால் பேசும்போது குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், 'வீச்சாளர்' இல்லாமல் 'எறிவாளர்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நீட்டி எறிந்தால் நோபால், பேஸ்பாலில் எறிவதுதான் வேலையே.

கொத்தனார் பொருளைத் தனியாகக் காட்ட இன்னொரு சொல் தேவைப்படும். அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, யாராவது சொல்லுங்கள்.