செவே பாலெஸ்டெரோஸ்: அதிர்ஷ்டக்காரரா, வித்தைக்காரரா?

சத்துவாச்சாரி வாசகன் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். வேலூர்ப் பக்கத்தில் கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்தவர்களே குறைவு என்பதால், இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் பதில் எழுதுவார்களோ தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

1984-இல் நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. மாலையில் நூலகத்தில் புரட்டிய ஓர் ஆங்கில விளையாட்டு இதழில் அந்த வண்ணப் படத்தைப் பார்த்தேன். கருநீலக் கம்பளிச் சட்டை அணிந்த, கருகருவென்ற முடியுடைய ஓர் இளைஞர், ஸ்பெயின் நாட்டு கோல்ஃப் வீரர் செவே பாலெஸ்டெரோஸ், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பதினெட்டாவது குழியில் பந்தை விழவைத்துவிட்டு, மூடிய கையால் காற்றைக் குத்திக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். பர்டி, அதாவது ஒரு குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவாக ஆடி முடிப்பது, என்றால் என்னவென்றுகூட அன்று எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புக்காகவே விதிகளைக் கற்றுக்கொண்டு, சிற்றலை வானொலியில் பிபிசி வாசிக்கும் மதிப்பெண்களுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்றார்கள்; அதில் தவறில்லை.

இப்போது என் பேரன், பழைய ஆட்டங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, இவர் அடித்த பந்துகளில் பாதி புதருக்குள்ளும் மரத்தடியிலும்தான் கிடக்கின்றன, இவர் வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று தீர்ப்புக் கூறிவிட்டான். 1979-இல் வண்டி நிறுத்துமிடத்தில் பந்தை அடித்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறான். அவரை ரசித்தவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

ராணிப்பேட்டைத் தோல்காரர் எழுதுகிறார்:

ஐயா, தங்கள் பேரன் சொல்வதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அவரால் பந்தை நேராக அடிக்க முடிந்ததில்லை. அது நேராக அடித்தே பழகியவர்களுக்குப் பெரும் எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் 1979-இல் இங்கிலாந்தின் ராயல் லிதம் மைதானத்தின் பதினாறாவது குழியில் பந்து வலப்பக்கம் போனது குறித்து அவர் தாமே விளக்கம் சொல்லியிருக்கிறார். காற்று இடமிருந்து வீசியதாலும், வலப்பக்கத்துத் தரை மிதிபட்டுப் புல் தாழ்ந்து கிடந்ததாலும், அந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டே அடித்தாராம். வண்டிகளுக்கு நடுவே கிடந்த பந்தை விதிப்படி வெளியே எடுத்து வைத்து, அங்கிருந்து குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டிய பசுந்தரைக்கு அனுப்பி, ஒரே தட்டில் குழிக்குள் தள்ளி பர்டி எடுத்தார். பந்து அங்கே போனது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம், அதன் பிறகு அடித்த இரண்டு அடிகளும் யாருடைய அதிர்ஷ்டம்?

இதை நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம், ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பதினாறாவது குழியின் கயிற்றோரம் நான் நின்றிருந்தேன். தோல் பதனிடும் தொழில்நுட்பம் படிக்க நார்தாம்ப்டனுக்குப் போயிருந்த 1988-இல், லிதமில் நடந்த ஓப்பனின் சனிக்கிழமை ஆட்டத்தை மழை கெடுத்துவிட்டதால் கடைசிச் சுற்று திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போக, பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டேன். தொழில் புத்தி பாருங்கள், அவர் அருகில் வந்ததும் நான் முதலில் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, இடக்கையிலிருந்த கையுறையைத்தான். கம்பளி இல்லாத, முடியுள்ள செம்மறியின் மெல்லிய தோலைத்தான் நல்ல கோல்ஃப் கையுறைக்கு எடுப்பார்கள்; நம் பக்கத்துத் தொட்டிகளில் ஊறும் தோலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

நிக் பிரைஸ் என்ற ஜிம்பாப்வே வீரர் அன்று அவருக்குச் சளைக்காமல் ஆடிக்கொண்டிருந்தார். பதினாறாவதில் செவே 9-ஆம் எண் இரும்பு மட்டையை எடுத்து அடித்த பந்து, குழிக்குச் சில அங்குலம் தள்ளி வந்து நின்றது. இந்த முறை வண்டியும் இல்லை, புதரும் இல்லை. பதினெட்டாவதில் பசுந்தரைக்கு வெளியே போய்விட்ட பந்தை அவர் மெல்லத் தட்ட, அது குழியின் விளிம்பை உரசிக்கொண்டு நின்றபோது, என் பக்கத்தில் குடையோடு நின்ற வெள்ளைக்காரப் பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். 65 அடிகளில் சுற்றை முடித்து, இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். பேரனுக்கு 1979-ஐக் காட்டிய கையோடு இதையும் காட்டுங்கள்.

ஆரணி ஆசிரியர் எழுதுகிறார்:

தோல்காரர் அண்ணன் நேரில் பார்த்த கொடுத்துவைத்தவர். அவரோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆயினும், செவேயை வெற்றிகளால் மட்டும் நிறுவப் பார்ப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும் என்று நினைக்கிறேன். 1976-இல் ராயல் பர்க்டேலில் நடந்த ஓப்பனில், பத்தொன்பது வயதில், மூன்று சுற்றுகள் முடிந்தபோது முன்னிலையில் இருந்தவர் கடைசி நாளில் அமெரிக்கர் ஜானி மில்லரிடம் தோற்று, இன்னோர் அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லாஸுடன் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இன்றும் பேசப்படுவது வென்றவரின் அடிகள் அல்ல. கடைசிக் குழியில் இரண்டு மணற்குழிகளுக்கு நடுவிலிருந்த ஒற்றையடித் தடம் போன்ற இடைவெளியில் அந்தப் பையன் பந்தை உருட்டிவிட்டதுதான்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பேரனுக்குச் சொல்ல வேண்டும். வட ஸ்பெயினில் கடலோரம் பெத்ரேன்யா என்ற சிற்றூரில், மாடு வளர்க்கும் விவசாயக் குடும்பத்தில் 1957-இல் பிறந்தவர் அவர். ஊரிலிருந்த பணக்காரர்களின் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் பிள்ளைகள் (கேடிகள்) தம் விருப்பத்துக்கு ஆட முடியாது என்பதால், அண்ணன் கொடுத்த 3-ஆம் எண் இரும்பு மட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகினார். உயரமாகவும் தாழ்வாகவும், மணலிலிருந்தும் புல்லிலிருந்தும், பதினான்கு மட்டைகள் செய்யும் வேலையை ஒன்றைக்கொண்டே செய்தாக வேண்டியிருந்தது. ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் ரைடர் கோப்பையில், 1983-இல் ஃபுளோரிடாவில், மணற்குழிக்குள் கிடந்த பந்தை மரத்தலை மட்டையால் இருநூறு கஜத்துக்கும் மேல் பறக்கவிட்டு அமெரிக்க வீரர் ஃபஸ்ஸி ஸோலருடனான ஆட்டத்தைச் சமன் செய்தாரே, அதைக் கண்டு எதிரணித் தலைவர் நிக்லாஸே வியந்து பாராட்டினார். மணலில் வளர்ந்தவனுக்கு மணல் ஒரு தண்டனையா என்ன?

அதிர்ஷ்டம் அவரைக் கைவிட்ட கதையும் உண்டு. 1986-இல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியின் பதினைந்தாவது குழியில் 4-ஆம் எண் இரும்பு மட்டையால் அடித்த பந்து குளத்தில் விழுந்ததும், நாற்பத்தாறு வயது நிக்லாஸ் பட்டத்தை வென்றதும் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அதே மைதானத்தில் ஒருமுறை பசுந்தரையில் நான்கு தட்டுத் தட்டிய பிறகே பந்தைக் குழியில் போட்டதைப் பற்றிக் கேட்டபோது, தவறவிட்டேன், தவறவிட்டேன், தவறவிட்டேன், போட்டேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தவரை எப்படி விரும்பாமல் இருப்பது?

ஓய்வு பெற்ற செவிலி எழுதுகிறார்:

எனக்கு கோல்ஃப் தெரியாது. என் கணவர்தான் அவருடைய ரசிகர். மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் மட்டும் ஒன்று சொல்கிறேன். 2008 அக்டோபரில் மாட்ரிட் விமான நிலையத்தில் அவர் மயங்கி விழுந்து, மூளையில் கட்டி என்று கண்டறியப்பட்டு, நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அடுத்த ஆண்டே மூளைக் கட்டி ஆராய்ச்சிக்காகத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். தமக்குக் கிடைத்த கூடுதல் காலத்தை, தவறிய அடியை மறுபடி அடிக்க நண்பர்கள் கொடுக்கும் சலுகைக்கு ஒப்பிட்டுப் பேசியதாக என் கணவர் படித்துக் காட்டியபோது, கட்டிலோரம் உட்கார்ந்து எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்த நோயாளிகளின் உறவினர்கள் நினைவுக்கு வந்தார்கள். 2011 மே 7 அன்று, ஐம்பத்து நான்கு வயதில், தம் ஊரிலேயே அவர் காலமானார். அன்று என் கணவர் சாப்பிடவில்லை; முகம் தெரியாத ஒரு ஸ்பெயின்காரருக்காக இதென்ன என்று நான் கடிந்துகொண்டேன். இப்போது அப்படிக் கேட்க மாட்டேன்.

சத்துவாச்சாரி வாசகன்:

அனைவருக்கும் நன்றி. அம்மா, தங்கள் கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 1988-இன் பதினாறாவது குழியைப் பேரனுக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, கடற்கரைக் கதை உண்மைதானா, ஒரே மட்டையால் பந்தை அப்படி உயர்த்த முடியுமா என்று கேட்கிறான். செய்து பார்க்கலாம் என்றால் மட்டைக்கு எங்கே போவது? சென்னை கிண்டிக்கோ பெங்களூருக்கோ அவனை அழைத்துப் போனாலும் உறுப்பினர் அல்லாதவரை உள்ளே விடுவார்களா என்பது ஐயமே.

ராணிப்பேட்டைத் தோல்காரர்:

கிண்டிக்கெல்லாம் போக வேண்டாம் ஐயா. நார்தாம்ப்டனில் பழைய சாமான் கடையில் நான் வாங்கி வந்த 3-ஆம் எண் மட்டை ஒன்று, பிடியின் ரப்பர் உதிர்ந்துபோய், வீட்டுப் பரணில் கிடக்கிறது. பிடிக்குத் தோல் சுற்றித் தருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் பேரனை அழைத்து வாருங்கள். பாலாற்றில் இன்னும் மணல் மிச்சமிருக்கும் இடம் ஒன்று எனக்குத் தெரியும்.