நாலு கோடிச் சொத்தும் முப்பதாம் தேதிப் பணமும்

திருப்பூரிலிருந்து:

பணக்காரராக இருப்பது வேறு, வசதியாக இருப்பது வேறு என்பதை நான் 2011-இல் நேரில் பார்த்தேன். அதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அப்போது ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். பட்டறை இருந்த இடம், கட்டடம், துணிக்குச் சாயம் ஏற்றும் நாலு சாஃப்ட் ஃப்ளோ மெஷின், பாய்லர், அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுமனை, குடியிருந்த மாடி வீடு எல்லாம் அவர் பேரில் இருந்தன. வருஷா வருஷம் பேங்குக்குக் கொடுக்கும் சொத்து விவரத்தை நான்தான் டைப் அடிப்பேன். கடன் போக நாலு கோடிக்குப் பக்கத்தில் வரும். அந்த எண்ணை அடிக்கும்போது எனக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கும் வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு கெட்டது உண்மை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் செய்தவர்கள் பட்ட பாடும் உண்மை. அந்த உத்தரவின் மேல் எனக்கு மனக்குறை கிடையாது. ஆனால் கரண்ட் துண்டிக்கப்பட்ட அன்று பட்டறைக்குள் நின்றது நினைவிருக்கிறது. இரவும் பகலும் கேட்ட நீராவிச் சத்தம் நின்றுபோய், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. கடைசியாக ஏற்றிய துணி பாதிச் சாயத்தோடு மெஷினுக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த வாரத்திலிருந்துதான் எனக்குப் பாடம் ஆரம்பமானது. சொத்து அத்தனையும் அப்படியே இருந்தது, ஒன்றையும் காசாக்க முடியவில்லை. மெஷினை விற்கலாம் என்றால், வாங்க வேண்டிய பட்டறைகள் எல்லாமே மூடிக்கிடந்தன. இடத்தின் பத்திரமும் வீட்டுமனைப் பத்திரமும் தொழில் நடத்த வாங்கிய சி.சி. (கேஷ் கிரெடிட்) கடனுக்காக பேங்கில் இருந்தன. பதினோரு லட்சம் தர வேண்டிய எக்ஸ்போர்ட்டர், "என் துணியே சாயத்துக்கு வெளியூர் அலையுதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் சனிக்கிழமை யாருக்காகவும் பொறுக்காது. இங்கே வாரக்கூலிதானே. வேலை இல்லாவிட்டாலும் பழைய பாக்கிக்காக ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். முதலாளி ஒரு டைரியில் பென்சிலால் இரண்டு வரிசை எழுதி வைத்திருப்பார், இடது பக்கம் வர வேண்டியவை, வலது பக்கம் தர வேண்டியவை. இடது பக்கத்துத் தேதிகளை அழித்து அழித்து எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் 38,000 கட்ட வேண்டும், திங்கட்கிழமை கடைசித் தேதி. "தம்பி, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஒரு நாப்பது கெடைக்குங்களா? ஆறு மாசத்துல குடுத்துடறேனுங்க." அன்றுவரை என்னை வா, போ என்று பேசியவர். அந்த 'ங்க' எனக்குத் தொண்டையை அடைத்தது.

தாராபுரத்தில் என் பெரியம்மா இருந்தார். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றவர். ஒரு ஓட்டு வீடு உண்டு, நிலம் கிடையாது. அவருடைய சொத்து முழுவதையும் சேர்த்தாலும் முதலாளியின் வீட்டுமனை ஒன்றுக்கு ஈடாகாது. ஆனால் 2003 ஏப்ரல் 1-க்கு வெகுகாலம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் பழைய திட்டப்படி மாதாமாதம் ஓய்வூதியம், அதோடு அகவிலைப்படி. பணிக்கொடையில் அஞ்சு லட்சத்தைப் போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டிருந்தார். அப்போது அதற்கு 9 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 11,250 ரூபாய். அதில் பாதிக்கு மேல் அவர் தொடவே மாட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். "படிப்புக்குத்தானே? எப்ப வேணும் கண்ணு?" என்று கேட்டார், அவ்வளவுதான். பீரோவில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த பாஸ்புக்கை எடுத்தார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் பணம் என் கையில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை, எதையும் அடகு வைக்கவில்லை, எந்தத் தேதியையும் அழித்து எழுதவில்லை.

ஆறு மாதம் என்றது ஒன்பது மாதமானது. நவம்பரில் முதலாளியே பணத்தோடு தாராபுரம் வந்தார், நானும் கூடப் போனேன். காப்பி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "மாசம் எவ்வளவுங்க டீச்சர் வருது?" என்று கேட்டார்.

"பிடித்தம் போக பதினஞ்சாயிரம் சொச்சம்."

"தேதி தவறாமயா?"

"மாசக் கடைசியில வந்துரும். ஒருக்காக்கூடத் தவறினதில்லீங்க."

"ஒருக்காக்கூடவா" என்றார் முதலாளி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

* * *

மதுரையிலிருந்து:

திருப்பூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அந்தப் பெரியம்மாவைப் போலத்தான். ஸ்டேஷனரிக் கடையை மூடிவிட்டு, இரண்டு போர்ஷன் வாடகை 22,000 ரூபாயிலும் 18 லட்ச ரூபாய் டெபாசிட் வட்டியிலும் நிம்மதியாக இருந்தார். யாரிடமும் கை நீட்டாதவர்.

2022-இல் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் அப்போது ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டியிருந்தது. எங்கள் வாடகையே அதைத் தாண்டிவிட்டது. தனியார் பாலிசியை 65 வயதில், "அதான் டெபாசிட் இருக்கே" என்று புதுப்பிக்காமல் விட்டிருந்தார். பதினான்கு மாதத்தில் 15 லட்சம் கரைந்தது.

பக்கத்துப் படுக்கையில் சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வருவார். அழுக்கு வேட்டி, அறுந்து தைத்த செருப்பு. அவரை நாங்கள் எங்களைவிட ஏழை என்று நினைத்திருந்தோம். மனைவி சிறுநீரகம் கொடுக்க, இரண்டு ஏக்கரை விற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு போய்விட்டார். மீதி பதினாலு ஏக்கர் அப்படியே இருந்ததாம். அவர் மகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சொத்து உள்ளவர் ஒரு மூலையை வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நிற்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு வெட்டிக் கொடுக்க மூலை இல்லை. வட்டி தரும் முதலிலேயே கை வைக்க வேண்டியிருந்தது. முதல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. கடைசி மாதங்களில் ரத்தம் ஊறுவதற்கு வாரா வாரம் போடும் ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த வாரம் வேண்டாம்ப்பா, உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. நான் வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா வசதியாக வாழ்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வசதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை, அதுதான் வருத்தம்.

* * *

சென்னை, திருவல்லிக்கேணியிலிருந்து:

எனக்கு இரண்டு ஓனர்கள். தையல் கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரம்மா ஒருவர், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இன்னொருவர். கடைக்காரம்மாவுக்கு அந்தத் தெருவிலேயே ஏழு கடை, வேறு இடங்களிலும் கட்டடங்கள். வீட்டு ஓனர் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் மாடியில், நாங்கள் கீழே. ஒரு மகள் வெளியூரில். எங்கள் வாடகையும் கொஞ்சம் வட்டியும்தான் அவர் வருமானம். ஆனால் நன்றாகத்தான் இருப்பார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வாக்கிங், சாயங்காலம் பார்த்தசாரதி கோவில். பல வருஷம் இவரையும் கடைக்காரம்மாவையும் நான் மனதில் ஒரே தட்டில்தான் வைத்திருந்தேன். இரண்டு பேருமே எனக்கு ஓனர்கள், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடையைச் சாத்தினேன். ஏப்ரல் மாதக் கடைசியில் கடைக்காரம்மாவுக்கு போன் செய்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இழுத்தேன். "கடை திறந்த அப்புறம் பேசிக்கலாம்ப்பா. பசங்க நல்லா இருக்காங்களா?" என்றார். ஏழு கடைக்கும் அதே பதில்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் நல்ல மனுஷி, சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல மனதைக் காட்ட அவருக்கு இடம் இருந்தது. ஏழு வாடகையும் நின்றாலும் அவர் வீட்டுச் சமையலில் ஒரு பொரியல் குறைந்திருக்காது.

மே 7-ஆம் தேதி வீட்டு ஓனர் படியிறங்கி வந்தார். முகக்கவசம், அதே இஸ்திரிச் சட்டை. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். மாடியில் அவர் வீட்டுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான். அப்புறம் முருங்கை மரத்தைப் பார்த்தார். கையில் ஒரு மருந்துச் சீட்டை மடித்து, மறுபடி மறுபடி இன்னும் சிறியதாக மடித்துக்கொண்டிருந்தார். வாடகை என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. "சரிப்பா, பார்த்துக்கோங்க" என்று திரும்பினார்.

அவரும் கடைக்காரம்மாவைவிட மனதில் குறைந்தவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாடியிலிருந்து கஞ்சி வரும். ஆனால் என் ஒரு மாத வாடகை நின்றால் அவருடைய சர்க்கரை மாத்திரை நிற்கும். மேலே மதுரைக்காரர் எழுதியதுபோல, வெட்டிக் கொடுக்க மூலை இல்லாத மனிதர்.

அன்று என் மனைவியும் நானும் பேசினோம். முகக்கவசம் தைத்துக் கொடுத்ததில் ஒன்பதாயிரம் இருந்தது. வீட்டு வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு. இவள்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்க மறுத்தாராம். பிறகு வாங்கி, எண்ணாமல், மேஜை டிராயரில் வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு டப்பா நிறைய வடகம் கொண்டுவந்து கொடுத்தாராம்.

கடை வாடகை பாக்கியை 2021 தைப்பொங்கலுக்குள் அடைத்தேன். கடைக்காரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் என்று என்னிடமே கேட்டார்.