வீட்டுத் தூசியில் பாதரசம்: எங்கிருந்து வருகிறது?

கேள்வி – காரைக்குடிக்காரர்:
எங்கள் தெருவில் நகைப் பட்டறைகள் உண்டு. பட்டறைத் தூசியில் கிடக்கும் தங்கத்தைப் பாதரசத்தில் பிடித்து, அப்புறம் சூடு காட்டிப் பிரிப்பார்கள். எங்கள் வீட்டுத் தூசியிலும் பாதரசம் இருக்கிறது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். பட்டறைதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? பிள்ளை தரையில் தவழ்கிறது, பயமாக இருக்கிறது.

செக்காலைவாசி:
ஒரே ஒரு தூசி மாதிரியை வைத்து யாரையும் கைகாட்ட முடியாதுங்க. பட்டறை வாசல், நாலு வீடு தள்ளி, அடுத்த தெரு, ஊர் ஓரம் என்று எடுங்கள். விலக விலக அளவு இறங்கினால் பட்டறை மேல் சந்தேகம் வலுக்கும். எங்கும் ஒரே அளவென்றால் தொலைவிலிருந்து வருவதாக இருக்கலாம், ஏனென்றால் நிலக்கரி எரியும்போது கிளம்பும் பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் நின்று கண்டம் விட்டுக் கண்டம் போகும். உங்கள் வீட்டில் மட்டும் கூடுதலா? உடைந்த தெர்மாமீட்டர், டியூப்லைட் ஏதாவது உண்டா பாருங்கள்.

கானாடுகாத்தான் பெண்:
முகப்பில் பாட்டன் காலத்து நிலைக்கண்ணாடி இருக்கிறதா? 19ஆம் நூற்றாண்டில் பல கண்ணாடிகளுக்கு வெள்ளீயமும் பாதரசமும் கலந்துதான் பின்பூச்சு. அது உதிர்ந்தால் தூசியில் சேரும்.

வேதியியல் மாணவர்:
பாதரசத்துக்கு 7 நிலையான ஐசோடோப்புகள், அதாவது அணு எடை மட்டும் வேறுபடும் பாதரச வகைகள். அணு எடை 202 உள்ள வகைக்கும் 198 உள்ள வகைக்கும் இடையிலான விகிதம் மூலத்துக்கு மூலம் மாறலாம், ஆனால் சோதனைக்குச் செலவு அதிகம், ஆவியாகும்போதே அந்த விகிதம் கொஞ்சம் நகரும். முதலில் செக்காலை அண்ணன் சொன்ன தூரக் கணக்கைச் செய்யுங்கள். அதுவரை விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.