நாய் மாத்திரையில் கால் பங்கு பூனைக்குக் கொடுக்கலாமா? குடற்புழு மருந்து பற்றிச் சில சந்தேகங்கள்

செவலைவால்:

வணக்கம் மக்களே. வீட்டில் ஒரு நாய், மூன்று வயது, 14 கிலோ. ஒரு பெண் பூனை, 3 கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது புதிதாக ஒரு பூனைக்குட்டியும் வந்து சேர்ந்திருக்கிறது, ஆறு வாரம் இருக்கலாம், வயிறு மட்டும் உப்பிக் கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் எலும்பு.

பெரிய பூனை படுக்கும் துணியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாலுக்கு அடியில் முடியிலும் ஒன்றிரண்டு இருக்கின்றன, சிலது நெளிகிறது. நாயிடம் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனால் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது.

நாய்க்கென்று வாங்கிய மாத்திரை கையில் இருக்கிறது. 10 கிலோவுக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாய்க்கு ஒன்றரை போட்டுவிட்டு, மிச்சத்தில் கால் பங்கைப் பூனைக்கும் ஒரு துணுக்கைக் குட்டிக்கும் கொடுத்தால் போதுமா? எடைக் கணக்கு சரியாகத்தானே வருகிறது? இன்னொன்று, போன தடவை நாய்க்குக் கொடுத்தபோது மலத்தில் ஒரு புழுவும் வெளியே வரவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, அதுதான் பயமே.

மீசைக்காரி:

அந்த அரிசி நாடாப்புழுவின் துண்டுகள். பூனை படுக்கையில் அரிசி என்று யார் சொன்னாலும் முதலில் நான் கேட்பது, பூனையின் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்பதுதான். இந்த வகை நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வருகிறது. கீழே விழுந்த துண்டிலிருக்கும் முட்டையைத் தெள்ளின் புழுப்பருவம் தின்னும், அது வளர்ந்து பூனை மேல் ஏறும், பூனை உடம்பை நக்கும்போது அதையும் சேர்த்து விழுங்கும், அவ்வளவுதான், வயிற்றுக்குள் புது நாடாப்புழு. விழுங்கியதிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் மறுபடி அரிசி கொட்ட ஆரம்பித்துவிடும். நிறையப் பேர் மாத்திரை போலி, கம்பெனி ஏமாற்றுகிறது என்று திட்டுவது இங்கேதான். மாத்திரை அன்றைக்கு இருந்த புழுவைக் கொன்றுவிட்டது, தெள்ளை யாரும் தொடவில்லை, அதனால் அடுத்தது வந்துவிட்டது.

எலி பிடிக்கும் பூனை என்றால் எலி வழியாக வேறு வகை நாடாப்புழுவும் வரும், அதற்கும் இதே மருந்துதான், பிரசிக்வான்டெல்.

புழு வெளியே வராததற்குக் கவலைப்படாதீர்கள். பிரசிக்வான்டெல் பட்ட நாடாப்புழு பெரும்பாலும் குடலுக்குள்ளேயே சிதைந்து செரித்துப் போய்விடும், வெளியே தேடினால் கிடைக்காது. உருண்டைப்புழு வேறு கதை. பைரண்டல் அதை மரத்துப்போக வைக்கிறது, பிடி விட்டு முழுசாக வெளியே வரும், சில நேரம் உயிரோடுகூட வரும், பார்க்கவே சகிக்காது. வயிற்றில் எதுவுமே இல்லாத நாயாக இருந்தாலும் எதுவும் வராதுதானே!

நாய் பின்பக்கத்தைத் தேய்ப்பதற்குப் புழுதான் காரணம் என்று நான் நம்ப மாட்டேன். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இரண்டு சின்னச் சுரப்பிப் பைகள் உண்டு, அவை நிரம்பி அடைத்துக்கொண்டால் இப்படித்தான் தேய்க்கும். மருத்துவரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

காட்டுவழி:

ரொம்ப யோசிக்கிறீர்கள். நமக்கு வாங்குகிற அல்பெண்டசோல் மாத்திரையே போதும், நாய்க்கு ஒன்று, பூனைக்குப் பாதி. கூடவே வாரம் ஒருநாள் சோற்றில் பூண்டு நசுக்கிப் போடுங்கள், புழு கிட்டவே வராது. வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

மருந்துப்பெட்டி:

நான் கால்நடை மருத்துவர். காட்டுவழி சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அல்பெண்டசோல் நாய், பூனை இரண்டுக்கும் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது, வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும், அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கும்போது அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பூண்டும் வெங்காயமும் ஒரே குடும்பம், இரண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். புழுவைக் கொல்லும் அளவுக்குப் பூண்டு கொடுத்தால் அதற்கு முன்னால் பூனைக்கு ரத்தசோகை வந்துவிடும். பல வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல நேரம், சிகிச்சை இல்லை.

இப்போது கால் மாத்திரை விஷயம். உங்கள் கணக்கு எடைக்குச் சரி, மருந்துக்குத் தப்பு. 10 கிலோ நாய்க்கான வழக்கமான கூட்டு மாத்திரையில் பிரசிக்வான்டெல் 50 மில்லிகிராம், பைரண்டல் எம்போனேட் 144, ஃபெபண்டெல் என்ற இன்னொரு புழு மருந்து 150 இருக்கும். 4 கிலோ பூனைக்கான மாத்திரையில் பிரசிக்வான்டெல் 20, பைரண்டல் எம்போனேட் 230. கவனியுங்கள், 10 கிலோ நாய்க்குத் தருவதைவிட அதிகமான பைரண்டல் 4 கிலோ பூனைக்குத் தேவைப்படுகிறது! கிலோவுக்குப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு. நாய் மாத்திரையில் கால் பங்கை 3 கிலோ பூனைக்குக் கொடுத்தால் பைரண்டல் கிலோவுக்கு 12 மில்லிகிராம்தான் போகும், தேவையோ 57க்கு மேல். நாடாப்புழுவுக்கு ஓரளவு போதும், உருண்டைப்புழு சிரித்துக்கொண்டு இருக்கும். ஃபெபண்டெல் சேர்ந்த அந்த மாத்திரை பூனைக்கென்று தயாரித்ததும் இல்லை. எனவே பூனைக்குப் பூனை மருந்து, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எடையை அன்றைக்கே பாருங்கள். நீங்கள் மட்டும் எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துவிடுங்கள். குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் வைத்தால் சரியாக வரும். குத்துமதிப்பாகச் சொல்லும் எடை பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது என்பது என் அனுபவம்.

அவசரம் அந்தக் குட்டிதான். உப்பின வயிறும் எலும்பும் தோலும் என்றால் உருண்டைப்புழு நிறைய இருக்கும் என்றுதான் முதலில் நினைப்பேன். பூனைக்குட்டிக்கு இது தாய்ப்பால் வழியாக வருகிறது. நாய்க்குட்டிக்கோ பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது, அதனால்தான் நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே மருந்து ஆரம்பிக்கிறோம், பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில். பிறகு பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. ஏன் இத்தனை தடவை என்றால், விழுங்கின முட்டையிலிருந்து வரும் இளம்புழு நேராகக் குடலில் தங்குவதில்லை. கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கு வருகிறது. இன்று கொடுக்கும் மருந்து குடலில் இருப்பதைத்தான் பிடிக்கும், வழியில் இருப்பது தப்பிக்கும், அது வந்து சேரும்போது அடுத்த டோஸ் காத்திருக்க வேண்டும்.

குட்டிகளுக்கான பைரண்டல் சிரப் மென்மையானது, குடலிலிருந்து ரத்தத்துக்கு அதிகம் ஏறாது. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். ஆனால் உங்கள் குட்டி ஏற்கெனவே நலிந்திருப்பதால் முதல் டோஸை மருத்துவர் பார்த்த பிறகு கொடுங்கள். புழு மூட்டையாக இருக்கும் குட்டிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடல் அடைத்துக்கொள்ளலாம். ஈறு வெளுத்திருந்தாலோ மலம் தார் மாதிரிக் கறுப்பாக இருந்தாலோ அது கொக்கிப்புழு ரத்தம் குடிப்பதாக இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

கடைசியாக, இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் படியுங்கள். தெள்ளுக்கு நாய் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பல நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது, பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது, நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். நாய்க்குப் போட்டது காய்வதற்குள் பூனை அதோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. அதேபோல மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சொட்டுக்கணக்கில் வாயில் விடும் பழக்கமும் வேண்டாம். அது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் அடர்த்தி. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி நாய் இனங்களில் சிலவற்றுக்கு மரபணுக் குறை ஒன்று உண்டு, அவற்றின் மூளைக்குள் இந்த மருந்து புகுந்துவிடும்.

செவலைவால்:

டாக்டர், மிக்க நன்றி. நாய் மாத்திரையைப் பூனைப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். குட்டியை நாளைக் காலையிலேயே காட்டுகிறேன்.

பெரிய பூனைக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்லுங்கள். சோற்றில் மறைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் ஓரமாகத் துப்பி வைக்கிறது. ஒருமுறை பொடி பண்ணிக் கலந்தேன், வாயெல்லாம் நுரை தள்ளிவிட்டது, பயந்தே போய்விட்டோம்.

பனித்துளி88:

பொடி பண்ணியதால்தான் நுரை. பிரசிக்வான்டெல் படுகசப்பு, அதை மறைக்கத்தான் மேலே பூச்சு போடுகிறார்கள், உடைத்தால் பூச்சு போய்விடும். நுரை விஷம் இல்லை, சுவை பிடிக்காமல் எச்சில் ஊறுவது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த நுரையோடு மருந்தும் வெளியே போயிருக்கும்.

என் முறை இது. பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்து, பூனையை ஒரு துண்டில் தலை மட்டும் தெரியும்படி சுற்றிக்கொள்வேன். இடது கையால் மேலிருந்து கன்னத்து எலும்பைப் பிடித்துத் தலையைக் கொஞ்சம் அண்ணாந்தாற்போலச் செய்தால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கையின் நடுவிரலால் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, மாத்திரையை நாக்கின் நடுவில் அல்ல, அடி நாக்கில், எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் போட்டு, உடனே வாயை மூடித் தொண்டையைத் தடவுவேன். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர், கன்னத்து ஓரமாக மெதுவாக. வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும், அதனால் இந்தத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். மாத்திரையில் ஒரு துளி வெண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இத்தனை மல்லுக்கட்டு முடியாது என்றால் கழுத்துக்குப் பின்னால் விடும் சொட்டு மருந்து இருக்கிறது, எமோடெப்சைடும் பிரசிக்வான்டெலும் சேர்ந்தது. பூனைக்கென்றே தயாரித்தது, உருண்டை, கொக்கி, நாடா மூன்றையும் பிடிக்கும். முடியை விலக்கித் தோலில் விட வேண்டும், மண்டைக்கு அடியில், நாக்கு எட்டாத இடத்தில். மற்ற சொட்டு மருந்துகளில் செலமெக்டின் மாதிரி சில தெள்ளையும் உருண்டைப்புழுவையும் பிடிக்கும், நாடாப்புழுவைத் தொடாது. உங்களுக்கு அரிசிதானே பிரச்சினை, எனவே பெட்டியில் பிரசிக்வான்டெல் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டையும் மறக்க வேண்டாம். தெள்ளின் முட்டையும் கூட்டுப்புழுவும் பூனை மேல் இல்லை, தரை விரிப்பிலும் படுக்கையிலும் சோபா இடுக்கிலும் இருக்கின்றன. துணியைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், வேக்குவம் போடுங்கள், மூன்று பிராணிகளுக்கும் ஒரே நாளில் அதனதன் தெள்ளு மருந்து போடுங்கள்.

மீசைக்காரி:

குழந்தை பற்றி யாரும் சொல்லவில்லையே. டாக்டர், நான் சொல்வதில் தப்பிருந்தால் திருத்துங்கள். அந்த அரிசியைத் தொட்டதால் குழந்தைக்கு நாடாப்புழு வராது, தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் வரும். பயப்பட வேண்டியது உருண்டைப்புழு முட்டைக்கு, மண்ணில் கிடப்பது கண்ணுக்கே தெரியாது.

மருந்துப்பெட்டி:

சரிதான். உருண்டைப்புழு முட்டை மலத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது, மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் இருந்து பக்குவப்பட்ட பிறகுதான். அதற்கப்புறம் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வழக்கமான கிருமிநாசினிக்கும் அசையாது. குழந்தை விழுங்கினால் இளம்புழு குடலில் நிற்காமல் கல்லீரல், நுரையீரல், அரிதாகக் கண் வரை போகிறது. எனவே மலத்தை அன்றாடம் எடுத்துவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. குழந்தை விளையாடும் மணலை மூடி வையுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவிவிடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டிருந்தீர்கள். வளர்ந்த பிராணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது குறைந்தபட்சம். எலி பிடிக்கிற பூனை, பச்சைக் கறியும் ஈரலும் தின்கிற நாய், வீட்டில் தவழும் குழந்தை என்றெல்லாம் இருந்தால் அதைவிட அடிக்கடி தேவைப்படலாம். இந்த மருந்துகள் தடுப்பூசி மாதிரி உடம்பில் தங்கிக் காப்பதில்லை, நாளை விழுங்கும் முட்டையை இன்று போட்ட மாத்திரை ஒன்றும் செய்யாது. மாத்திரையைக் குறைக்க நினைத்தால் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் நாடாப்புழு அதில் பல நேரம் தப்பிவிடும், முட்டைகள் துண்டுக்குள்ளேயே வெளியேறிவிடுவதால்.

செவலைவால்:

கடைசி சந்தேகம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நாய் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டுமா? அப்புறம் இந்த மாத்திரையே இதயப்புழுவுக்கும் போதுமா?

மருந்துப்பெட்டி:

வாந்தியில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால் கொடுக்க வேண்டியிருக்கும், தெரியாவிட்டால் நீங்களாக இரண்டாவது போடாமல் போனில் கேளுங்கள். அடுத்த தடவை கொஞ்சம் உணவோடு கொடுத்துப் பாருங்கள்.

இதயப்புழுவுக்கு இது போதாது. அது கொசு வழியாக வருவது, குடலில் இல்லை, இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் இருப்பது. அதற்கு மாதாமாதம் தடுப்பு மருந்து தனி, ஐவர்மெக்டின் குறைந்த அளவில், அல்லது மில்பெமைசின், மாக்ஸிடெக்டின் என்று. ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே புழு இருக்கும் நாய்க்குத் தடுப்பு மருந்தைப் போட்டால், ரத்தத்தில் இருக்கும் இளம்புழுக்கள் ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சிக்குள்ளாகலாம். நாளைக்குக் குட்டியைக் கொண்டுபோகும்போது நாயையும் கூட்டிப்போங்கள், பின்பக்கச் சுரப்பியையும் பார்த்துவிட்டு இதற்கும் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள்.