தமிழ் தட்டும்போது மட்டும் விண்டோஸ் ஷார்ட்கட்டுகள் மாறிப் போகின்றன (அசெர்ட்டி விசைப்பலகை)

வாசகி_974 (சென்-ஆந்த்ரே, ரீயூனியன்)

வணக்கம். விண்டோஸ் 11, பிரெஞ்சு மொழிப் பதிப்பு. 14 அங்குல மடிக்கணினி, அசெர்ட்டி (பிரெஞ்சு எழுத்து வரிசை) விசைப்பலகை. கோயில் அறிவிப்புகளைப் பிரெஞ்சிலும் தமிழிலும் தயாரிக்கிறேன்: இடப்பக்கம் பிரெஞ்சுக் கோப்பு, வலப்பக்கம் வேர்டில் தமிழ். தமிழுக்கு விண்டோஸோடு வரும் தமிழ்99 தளவமைப்பு.

பிரெஞ்சில் இருக்கும்போது வின்+இசட் (விண்டோஸ் விசையோடு இசட்) அழுத்தினால் சாளரங்களை அடுக்கும் கட்டங்கள் ஒழுங்காக வருகின்றன. தமிழுக்கு மாறியதும் அதே விசை வானிலையும் செய்தியும் உள்ள விட்ஜெட் பலகையைத் திறக்கிறது. வின்+எம் எல்லாச் சாளரத்தையும் சுருக்காமல் எமோஜிப் பெட்டியைக் கொண்டுவருகிறது. கன்ட்ரோல்+இசட் போட்டால் பிரவுசரில் தாவலே மூடிவிடுகிறது!

இன்னொன்று, மொழிக்குச் சம்பந்தமில்லாதது: பணிப்பட்டையில் முதலில் இருக்கும் வேர்டுக்குப் போக வின்+1 அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புதுச் சாளரம் திறக்கிறது. விசைப்பலகை பழுதா, விண்டோஸ் பழுதா?

தெற்குக்காற்று (சென்-பியேர்)

இரண்டும் பழுதில்லை. நீங்கள் விசையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்கிறீர்கள், விண்டோஸ் அதைப் பார்ப்பதே இல்லை. விசை அனுப்புவது அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும். அந்த இடத்துக்கு எந்த எழுத்து என்பதை அப்போது நடப்பில் உள்ள தளவமைப்பு முடிவு செய்கிறது. தமிழ்99-இல் ரோமன் எழுத்தே கிடையாது. ஆகவே ஷார்ட்கட்டுக்கு மட்டும் அடியில் அமெரிக்கக் குவெர்ட்டி வரிசைதான் வேலை செய்கிறது. இன்னொரு தளவமைப்பான இன்ஸ்கிரிப்ட் தமிழிலும் இதே கதை.

அசெர்ட்டிக்கும் குவெர்ட்டிக்கும் இடம் மாறுகிற எழுத்துகள் ஐந்தே: ஏ, கியூ, இசட், டபிள்யூ, எம். உங்கள் தொல்லை முழுக்க அந்த ஐந்துக்குள் அடங்கும். அசெர்ட்டியில் இசட் இருக்கும் இடம் குவெர்ட்டியில் டபிள்யூ. வின்+டபிள்யூ என்றால் விட்ஜெட். எல்-க்கு வலப்பக்கம் உள்ள எம், குவெர்ட்டியில் அரைப்புள்ளி. வின்+அரைப்புள்ளி என்றால் எமோஜி. தமிழில் இருக்கும்போது வின்+எம் வேண்டுமென்றால் என்-க்கு அடுத்த காற்புள்ளி விசையை அழுத்திப் பாருங்கள், எல்லாம் சுருங்கும்.

ஆபத்தானவை கன்ட்ரோல் சேர்ந்தவை. கன்ட்ரோல்+இசட் என்று நினைத்து நீங்கள் அனுப்புவது கன்ட்ரோல்+டபிள்யூ, அதாவது மூடு. வேர்டாவது சேமிக்கவா என்று கேட்கும், பிரவுசர் கேட்காது (போன தாவலைக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T) மீட்கும்; அந்த டி இரண்டிலும் ஒரே இடம்). கன்ட்ரோல்+ஏ இன்னும் நயவஞ்சகம். அது கன்ட்ரோல்+கியூ ஆகிறது, வேர்டில் அதற்குப் பொருள் பத்தியின் வடிவமைப்பை நீக்கு. எல்லாவற்றையும் தேர்ந்ததாக நினைப்பீர்கள், நடந்தது கர்சர் நிற்கும் பத்தியின் உள்தள்ளலும் இடைவெளியும் போனது மட்டும். உடனே கண்ணில் படாது.

வேர்டில் கடைசிச் செயலை ரத்து செய்ய ஆல்ட்+பேக்ஸ்பேஸ் என்று பழகிக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லாததால் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

வின்+1: அசெர்ட்டியில் இலக்கம் தட்ட ஷிஃப்ட் வேண்டும் என்பதால் கை தானாக ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துகிறது. வின்+ஷிஃப்ட்+1 என்பதோ "அதே நிரலுக்கு இன்னொரு சாளரம் திற" என்ற தனிக் கட்டளை. ஷிஃப்ட் இல்லாமல் அந்த விசையை மட்டும் அழுத்துங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் வேர்டு முன்னால் வரும்.

தமிழ்ப்பொறி (சென்-தெனி)

இதற்குப் பேசாமல் குவெர்ட்டி விசைப்பலகை ஒன்று வாங்கிச் செருகிவிடலாமே? தொல்லை முடிந்தது.

தெற்குக்காற்று

பிரெஞ்சிலும் எழுதுகிறவருக்கு அது தலைவலியை இடம் மாற்றுவது. எ அக்சாந்தேகுவும் (é) செதீயும் (ç) தட்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசை என்றால் பாதி அறிவிப்பு முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். எழுத்தைத் தொடாத ஷார்ட்கட்டுகளே சாளர வேலைக்குப் போதும். இடம் மாறாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வின்+இடது அம்பு, வின்+வலது அம்பு: பாதித் திரை. அழுத்தியதும் மறுபாதியில் மற்ற சாளரங்களின் சிறு படங்கள் வரும், அம்பால் தேர்ந்து என்டர். பாதியில் ஒட்டிய சாளரத்தின் மேல் வின்+மேல் அம்பு போட்டால் கால்பகுதி ஆகும். மேல்பாதி, கீழ்பாதி என்று கிடையாகப் பிரிக்க வின்+ஆல்ட்+மேல் அல்லது கீழ் அம்பு. இது விண்டோஸ் 10-இல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே அகலம் மாறும். 14 அங்குலத்தில் இரண்டு கோப்பும் சமபாதியாக இருக்க வேண்டியதில்லை, தட்டுகிற பக்கத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

வின்+ஹோம்: கையில் உள்ள சாளரம் தவிர மற்றவை சுருங்கும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். வின்+எம்-ஐவிட உங்களுக்கு இதுதான் உதவும். பல மடிக்கணினிகளில் ஹோம் விசை எஃப்என்-உடன் சேர்ந்து இருக்கும், அதைக் கவனியுங்கள்.

வின்+டேப், ஆல்ட்+டேப், புது மேசைக்கு (தனி டெஸ்க்டாப்) வின்+கன்ட்ரோல்+டி (D), மேசை மாற வின்+கன்ட்ரோல்+அம்பு. இவை எந்தத் தளவமைப்பிலும் மாறாது.

அதோடு ஒரு அமைப்பையும் மாற்றுங்கள். பராமேத்ர் (அமைப்புகள்) > ஊர் எ லாங் (நேரமும் மொழியும்) > செசி (தட்டச்சு) > மேம்பட்ட விசைப்பலகை அமைப்பு. அங்கே ஒவ்வொரு நிரல் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைக்க ஒரு பெட்டி உண்டு, அதில் டிக் போடுங்கள். அதன் பிறகு வேர்டு தமிழில் நிற்கும், பிரவுசர் பிரெஞ்சில் நிற்கும், சாளரம் மாறும்போது மொழியும் கூடவே மாறும். தாவல் மூடுகிற விபத்து இதனாலேயே பெரும்பாலும் நிற்கும். அதே பக்கத்தில் மொழி மாற்றும் விசைகள் என்ற இணைப்பில் இடது ஆல்ட்+ஷிஃப்டை எடுத்துவிட்டு வின்+ஸ்பேஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட்+ஷிஃப்ட் கை தவறி அழுந்தி மொழி மாறுவதுதான் பல புகார்களுக்குக் காரணம்.

வாசகி_974

வின்+1-உம் காற்புள்ளியும் நீங்கள் சொன்னபடியே. தனித்தனி மொழி அமைப்பும் போட்டாயிற்று. ஆனால் தமிழ்ச் சாளரத்தில் இருந்தபடியே வின்+இசட் கட்டங்கள் வேண்டுமென்றால்?

போர்லூயி_ரவி (மொரீசியஸ்)

தமிழில் இருக்கும்போது இடது ஷிஃப்ட் இருக்கும் அதே வரிசையில் உள்ள டபிள்யூ விசையோடு வின்-ஐ அழுத்துங்கள், அதுதான் அப்போது இசட். கட்டங்கள் வந்ததும் இலக்கம் தேடாமல் அம்பு, என்டர். ஆனால் உண்மையில் அந்தக் கட்டங்களை நம்பி இருக்கத் தேவையில்லை, டச்பேட் இருக்கிறதே. விரலுக்கு அசெர்ட்டி, குவெர்ட்டி தெரியாது.

இயல்பாக வருவது: மூன்று விரல் மேலே தள்ளினால் எல்லாச் சாளரங்களும், கீழே தள்ளினால் வெறும் மேசை, பக்கவாட்டில் நிரல் மாற்றம். நான்கு விரல் பக்கவாட்டில் போனால் மேசை மாறும். நான்கு விரல் மேலும் கீழும் மூன்று விரல் செய்வதையே திரும்பச் செய்கின்றன, அது வீண். பராமேத்ர் > புளூடூத் எ அப்பரெய் (புளூடூத்தும் சாதனங்களும்) > பாவே தாக்தில் (டச்பேட்) பக்கத்துக்குப் போய், மேம்பட்ட சைகைகள் பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு திசைக்கும் தனிச் செயல் கொடுக்கலாம். பட்டியலில் சாளரத்தை இடப்பக்கம் ஒட்டு, வலப்பக்கம் ஒட்டு, பெரிதாக்கு, சுருக்கு எல்லாம் உண்டு. பல மேசைகள் வைத்து வேலை செய்யாதவர் நான்கு விரல் இடதுக்கு இடப்பக்க ஒட்டு, வலதுக்கு வலப்பக்க ஒட்டு, மேலே பெரிதாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த ஷார்ட்கட் பதியவும் இடம் உண்டு, அதில் எழுத்து விசை எதையும் பதியாதீர்கள், மறுபடி இதே சிக்கலுக்குள் போவீர்கள்.

சைகை ஏற்காமல் போனால் முதலில் விரல்கள் சேர்ந்து இறங்குகின்றனவா பாருங்கள். ஒன்று பிந்தி விழுந்தால் இரண்டு விரல் ஸ்க்ரோலாக எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம் ஜனவரிப் புழுக்கத்தில் வியர்த்த விரலும் அப்படித்தான், துடைத்தால் சரியாகும். மூன்று, நான்கு விரல் பகுதிகளே அமைப்பில் இல்லை என்றால் அந்த டச்பேடில் விண்டோஸின் பிரிசிஷன் டிரைவர் (சைகைகளை விண்டோஸே கையாள உதவும் மென்பொருள்) இல்லை. தயாரிப்பாளரின் தனி நிரலில் தேட வேண்டும்.

தமிழ்ப்பொறி

பவர்டாய்ஸில் (மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவித்தொகுப்பு) ஃபேன்சிசோன்ஸ் போடலாமா? சொந்தக் கட்டம் வரைந்து, ஷிஃப்டைப் பிடித்தபடி சாளரத்தை இழுத்தால் அதில் உட்காரும்.

போர்லூயி_ரவி

அகலமான வெளித்திரைக்கு அருமை. 14 அங்குலத்தில் இரண்டு சாளரத்துக்கு அது மிகை. போடுவதென்றால் ஒன்று: அதில் உள்ள பவர்டாய்ஸ் ரன் என்ற தேடல் பெட்டி ஆல்ட்+ஸ்பேஸைப் பிடித்துக்கொள்ளும். சாளரத்தின் மெனுவைத் திறக்கும் பழைய விசை அது, அதனால் பவர்டாய்ஸில் வேறு விசைக்கு மாற்றிவிடுங்கள்.

வாசகி_974

அந்த மெனு எதற்குத் தேவைப்படும்?

தெற்குக்காற்று

மண்டபத்தில் புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு சாளரம் திரைக்கு வெளியே மாட்டிக்கொண்டால். பணிப்பட்டையில் இருக்கும், கண்ணில் தெரியாது. ஆல்ட்+டேப்பால் அதைத் தேர்ந்து ஆல்ட்+ஸ்பேஸ், கீழம்பால் டெப்ளசே (நகர்த்து) வரை போய் என்டர், பிறகு ஏதாவது ஒரு அம்பை ஒருமுறை தட்டுங்கள். சாளரம் சுட்டியோடு ஒட்டிக்கொள்ளும், சுட்டியை உள்ளே கொண்டுவந்து ஒரு கிளிக். டெப்ளசே மங்கலாக இருந்தால் சாளரம் பெரிதாக்கிய நிலையில் இருக்கிறது. முதலில் வின்+கீழ் அம்பு ஒருமுறை, பிறகு அதே மெனு. புரொஜெக்டர் இன்னும் செருகியே இருந்தால் இவ்வளவும் வேண்டாம், வின்+ஷிஃப்ட்+இடது அம்பு அதை உங்கள் திரைக்கு இழுத்து வந்துவிடும்.