பள்ளி திறக்கும் தேதி தள்ளித் தள்ளிப் போன காலம்: நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

புதுவயல் பக்கம், அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிட அதிகமாக மனதில் நிற்பது, திறக்கிறோம் என்று சொல்லித் தள்ளிப்போன தேதிகள்தான். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சாக்கோட்டை ஒன்றியத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரிசி ஆலை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நெல் அவிப்பவர்கள், களத்தில் கிண்டிக் காயப்போடுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள். 2020 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அரசுப் பள்ளிகளில் ஒன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சேர்க்கை தொடங்கியது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வந்தாள். பெயர் எழுதினோம், புத்தகம் கொடுத்தோம், வாசலோடு திருப்பி அனுப்பினோம். அந்தப் பிள்ளை வகுப்பறைக்குள் முதன்முதலாக உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அது இரண்டாம் வகுப்பு! ஒன்றாம் வகுப்பு முழுவதும் அதற்குக் கல்வித் தொலைக்காட்சியும் அம்மாவின் செல்போனும்தான். அந்த போனும் அம்மா ஆலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும்.

நவம்பர் 1 திங்கட்கிழமை. வியாழக்கிழமை தீபாவளி. அதன் பின்னாலேயே அடைமழை, மழை விடுமுறை. பிள்ளைகள் ஒரு ஒழுங்குக்கு வந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. ஜனவரியில் ஒமைக்ரான் என்று திரும்பவும் மூடி, 2022 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் திறந்தோம். அரசாணையில் இருக்கிற தேதி ஒன்று, பள்ளி உண்மையில் தொடங்கிய தேதி வேறு. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

2021 நவம்பரில் திறந்த அந்த முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டால் பாதிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் பாப்பா, குட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இருப்பது தன் பெயர் என்பதே சிலருக்குத் தெரியவில்லை. "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லப் பழக்கவே நாட்கள் பிடித்தன. பக்கத்துப் பிள்ளையின் முகக்கவசத்தில் பொம்மைப் படம் இருக்கிறது என்று கழற்றி மாற்றிக்கொள்வார்கள். இடைவெளி விட்டு உட்கார வைத்தால் ஒருத்தி அழுதாள். இத்தனை நாள் வீட்டில் தனியாக இருந்த பிள்ளை, இங்கேயும் தனியாகவா என்று அதற்குத் தோன்றியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வரவேயில்லை. வீடு தேடிப் போனேன். தரைக்கல் பட்டறைக்குப் போகிறான் என்றார்கள். கண்ணாடியைத் துடைத்து, அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றக் கொடுக்கிற வேலை. அவன் அப்பாவிடம் நானும் தலைமையாசிரியரும் பேசினோம். "தேதி சொல்றீங்க, மாத்துறீங்க. இவனை நான் எத்தனை நாளைக்குச் சும்மா வச்சிருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. திரும்பத் திரும்பப் போய்த்தான் அனுப்பினார்.

வந்த பையனுக்குப் பின்னங்கள் மறந்துபோயிருந்தன. மூன்றில் இரண்டு என்று எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். "பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, எட்டங்குலக் கல். எத்தனை வேணும்?" என்று கேட்டேன். "இருநூத்தி எழுவது டீச்சர், உடைசலுக்குப் பத்து சேர்த்துக்கணும்" என்றான், யோசிக்காமல். மூன்று கல் வரிசையாக வைத்தால் இரண்டடி என்பது அவன் கைக்குத் தெரியும். அங்கிருந்துதான் அவனுக்கு மூன்றில் இரண்டைச் சொல்லிக் கொடுத்தேன். விட்டுப்போன பாடங்களை நினைவூட்ட அரசு கொடுத்த புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் நல்ல கட்டகம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் பிள்ளை என்ன மறந்தான் என்று கணக்கெடுத்தோமே தவிர, என்ன கற்றுக்கொண்டு வந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தூர், ஒரு அம்மா

டீச்சர், நீங்க சின்னப் பிள்ளைகளைச் சொல்றீங்க. என் மகள் அப்ப பத்தாம் வகுப்பு. அவளுக்கு முந்தின வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு மார்ச் 27-ன்னு இருந்து, ஜூன் 1-ன்னு மாறி, ஜூன் 15-ன்னு மாறி, கடைசியில 2020 ஜூன் 9-ஆம் தேதி ரத்துன்னு சொன்னாங்க. அதைப் பார்த்து என் மகள், "நமக்கு அப்படி ஆகாதும்மா, நான் எழுதுவேன்"னு சொன்னவ.

2021 ஜனவரி 19 பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம்னு வந்துச்சு. பெற்றோர் சம்மதக் கடிதம் வேணும். எங்க வீடு பங்காளி வீடு, நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்குப் பங்கு. ஊரடங்குக்கு வந்தவங்க சென்னைக்குத் திரும்பாம இங்கேயே இருந்தாங்க. மாமியாருக்கு எண்பது நெருங்குது, சர்க்கரை வேற. பெரியவங்க எல்லாம் பட்டாலைங்கிற கூடத்துல உட்கார்ந்து பேசினாங்க. ஒருத்தர், "பொம்பளைப் பிள்ளை ஒரு வருஷம் வீட்டுல இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"ன்னார். அந்த வார்த்தை எனக்கு இன்னிக்கும் ஆறலை. அவ அப்பச்சி, அதாவது அப்பா, மலேசியாவுல, வர முடியாம மாட்டிக்கிட்டிருந்தாக. போன்ல, "அனுப்பு, நான் பேசிக்கிறேன்"னாக. கையெழுத்துப் போட்டேன்.

நம்ம வீடுகள் ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியறது அன்னிக்குத்தான் உபயோகப்பட்டுச்சு. மகள் முகப்பு வழியா வரவேயில்லை. பின்தெரு வாசல்ல நுழைஞ்சு, கிணத்தடியில குளிச்சு, துணியை அங்கேயே அலசிப்போட்டு, ரெண்டாங்கட்டுல ஒரு அறையில தனியா இருந்தா. அப்பத்தாவைத் தொடாம பேச மட்டும் செய்வா, பத்தடி தள்ளி நின்னு. பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு 25 பேர்தான், வைட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை எல்லாம் கொடுத்தாங்க. பாடத்தையும் குறைச்சிருந்தாங்க.

இவ்வளவும் செஞ்சு படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைக்குப் பிப்ரவரி 25-ஆம் தேதி, 9, 10, 11 எல்லாருக்கும் தேர்ச்சின்னு சட்டசபையில அறிவிப்பு. தெருவுல பசங்க கைதட்டுறாங்க, இவ புத்தகத்தை மூடி வச்சுட்டு அழறா. சான்றிதழ்ல மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சின்னு மட்டும். நோய் நேரத்துல பிள்ளைகளைத் தேர்வுக்கு உட்கார வைக்கச் சொல்லி நான் கேட்கலை. அந்த முடிவு தப்புன்னும் சொல்லலை. ஆனா உழைச்ச பிள்ளைக்கு, "நீ உழைச்சது தெரியும்மா"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அவ வகுப்பு டீச்சர் மட்டும் போன் பண்ணி அதைச் சொன்னாங்க. இன்னிக்கும் அந்த டீச்சருக்குப் பொங்கலுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புறோம்.

அவ எழுதின முதல் பொதுத்தேர்வு பதினொண்ணாம் வகுப்புல, 2022 மே மாசம். அந்த வெயில்ல. முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஜூன் 20-ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிருச்சு.

காரைக்குடி, பள்ளி வேன் ஓட்டுறவர்

எல்லாரும் படிப்பைப் பத்திச் சொல்றீங்க. நான் வண்டியைப் பத்திச் சொல்றேன். தேதி மாறுனா எங்களுக்கு என்னாகும்னு யாருக்கும் தெரியாது.

சொந்த வேன், கடன்ல வாங்குனது. ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுனேன். 2020 நவம்பர் 16-ஆம் தேதி 9-லேருந்து 12 வரைக்கும் திறக்குறோம்னு சொன்னாங்க. நின்ன வண்டி பேட்டரி செத்துப்போச்சு, டயர் வெடிப்பு விட்டிருச்சு. நகையை வச்சுப் பேட்டரி போட்டு, சீட்டு தைச்சு, இன்சூரன்ஸ் கட்டி ரெடியா இருந்தேன். 9-ஆம் தேதி பள்ளிக்கூடத்துல பெத்தவங்ககிட்ட கருத்துக் கேட்டாங்க. 12-ஆம் தேதி இல்லைன்னு ஆயிருச்சு. மூணு நாள்ல! அந்தக் காசு போனது போனதுதான்.

சீட்டைக் கழட்டிப்புட்டுக் காய்கறி ஏத்துனேன். செக்காலைப் பக்கம், கழனிவாசல் பக்கம் தெருத்தெருவா வித்தேன். நான் ஏத்தி எறக்குன பிள்ளைகளே வாசல்ல நின்னு, "வேன் மாமா, எப்ப மாமா ஸ்கூலு?"ன்னு கேக்கும். நான் என்னத்தச் சொல்ல. "அடுத்த மாசம்டா"ம்பேன். அவுங்க அம்மாவும் ஒரு கிலோ தக்காளி வேணுமோ வேணாமோ, வாங்கிக்குவாங்க. அந்த வீடுகளை நான் மறக்க மாட்டேன்.

ஒண்ணு கவனிச்சேன். 2021-ல நிறையப் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டாங்க, பீஸ் கட்ட முடியாம. 2022 ஜூன் 13 முழுசாத் திறந்தப்ப வண்டியில பழைய பிள்ளைக பாதிகூட இல்ல. நான் வேலை செஞ்ச எடத்துல மூடியிருந்த மாசத்துக்கு ஒத்தப் பைசா கொடுக்கல. அதைப் பத்தி இங்க சண்டை போட வரல. தேதியைச் சொல்றவங்க, அந்தத் தேதியை நம்பி அடகுக் கடைக்குப் போறவனும் ஒருத்தன் இருக்கான்னு நெனைக்கணும். அவ்வளவுதான்.

தேவகோட்டை, அப்போது பிளஸ் டூ மாணவர்

2020 மார்ச் 24. எங்களுக்குக் கடைசித் தேர்வு, கணக்குப்பதிவியல். அன்று மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு என்று அறிவித்திருந்தார்கள். எழுதி முடித்து வெளியே வந்தவர்கள் யாருக்கும் விடை சரியா தப்பா என்று பேச நேரமில்லை, கிராமத்துப் பையன்கள் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். சட்டையில் பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வருஷம் முழுவதும் பேசிவைத்திருந்தோம். நடக்கவில்லை. வர முடியாதவர்களுக்கு ஜூலை 27-இல் மறுதேர்வு வைத்தார்கள்.

கல்லூரி முதல் வருஷம் போனில். 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி கல்லூரி திறந்தபோது, குரல் மட்டும் தெரிந்த நண்பர்களை முதல்முறை நேரில் பார்த்தேன். அடுத்த மாதமே திரும்ப மூடிவிட்டார்கள். வேன் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் தோன்றியது.

புதுவயல் ஆசிரியை

வேன் அண்ணே, நீங்கள் எழுதியதை எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்தேன். பள்ளத்தூர் ஆச்சி, உங்கள் மகளிடம் எங்கள் எல்லாருடைய வாழ்த்தையும் சொல்லுங்கள்.

தொற்று போன பிறகும் தேதி மாறத்தான் செய்தது. 2023-இல் வெயிலால் ஜூன் 1 என்பது 7 ஆகி, பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வரை 12-ஆம் தேதி, சின்னப் பிள்ளைகளுக்கு 14-ஆம் தேதி என்று ஆனது. 2024-இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆனது. நம்ம ஊர் ஜூன் வெயிலில் ஓட்டுக்கட்டடத்துக்குள் பிள்ளைகளை அடைப்பதைவிட ஒரு வாரம் தள்ளுவது நல்லதுதான், மனமார ஏற்கிறேன். முன்கூட்டிச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆலை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் மே மாதம் சொந்த ஊருக்குப் போய், பள்ளித் தேதியைப் பார்த்துத்தான் திரும்புகின்றன. கடைசி நேரத்தில் மாற்றினால், "இன்னும் நாள் இருக்கே" என்று அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை ஜூலையில்தான் வரும்.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளைகள் இப்போது நடுநிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது. அது கைகொடுத்த பிள்ளைகளும் உண்டு, பெரும்பாலும் தவறாமல் வந்த பிள்ளைகள். விட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு வேறு என்ன செய்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கானாடுகாத்தான் பக்கம், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்

டீச்சர், நான் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிற அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் கடைசியில் தொடங்கி, எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, மாதம் ஆயிரம் ரூபாய். இடம்தான் இல்லை. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுக்காரருக்குச் சென்னைக்குப் போன் போட்டுத் திண்ணையைக் கேட்டோம். "கேட்கவே வேண்டாம், விளக்கும் போட்டுக்குங்க, பில்லை நான் கட்டுறேன்" என்றார். ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகள் அங்கே வந்தார்கள்.

நான் செய்தது இதுதான். வகுப்பு வாரியாகப் பிரிக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவர்கள், சொல் படிப்பவர்கள், வரி படிப்பவர்கள் என்று உட்கார வைத்தேன். நாலாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரக் கூச்சப்பட்டால், அவனைச் சொல்லிக்கொடுக்கிறவனாக ஆக்கினேன். சொல்லிக் கொடுப்பதற்காக வீட்டில் முதல்நாள் ராத்திரியே படித்துவிட்டு வருவான். பாடப் புத்தகத்தை முதலில் தொடவில்லை. கடைப் பலகை, பஸ் பலகை, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை இவற்றைத்தான் படித்தோம். நம்ம பக்கத்துப் பத்திரிகையில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஒரு பத்திரிகை ஒரு வாரத்துக்கு வரும்.

உங்கள் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது ஓடும். ஆனால் பள்ளி நேரத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம், சாயங்காலம் தனியாக வையுங்கள். பெரிய பிள்ளைகள், வெட்கம் அதிகம். சனிக்கிழமைகளில் நான் வர முடியும். புதுவயலுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் வசதி சரியில்லை, காரைக்குடி வந்துதான் மாற வேண்டும். காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.